பெரியவர் இரண்டு, சிறுவர் ஒன்று

டிராப் கிராமத்தைத் தாண்டியதும் சாலை
ஒரு வண்டிக்கு மேல் இடம் தராது.
எதிரே டிராக்டர் வந்தால்
யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.
இத்வால் ஓட்டிய காலத்தில்
அது எப்போதும் டிராக்டர்தான்.
நான் பின்னோக்கி எடுத்தேன்,
புதர்வேலியில் கண்ணாடி உரச,
பின்சீட்டில் மாக்சன் கைதட்ட.

அவன் அப்பா எழுதிய பட்டியல்
இன்னும் டாஷ்போர்டு அறைக்குள் கிடக்கிறது.
கிட்வெலி, கில்கெரன், ஹார்லெக், டோல்பதார்ன்,
போய்வந்த கோட்டைகளின் மேல் ஒரு கோடு.
கேரெக் கென்னன் மேல் மட்டும் மூன்று.
மூன்று முறையும் மழை.
இன்றும்.

டிக்கெட் கீழே பண்ணைவீட்டில்.
கையில் மாவு ஒட்டியிருந்த பெண் கேட்டாள்:
"பெரியவங்க எத்தனை பேர்?"
இரண்டு என்று வாய் சொல்லிவிட்டது.
பதினெட்டு வருடப் பழக்கம்,
என்னைக் கேட்டுக்கொண்டா வரும்?
திருத்தப் போனேன்.
அதற்குள் டிரியன் காதிலிருந்ததைக் கழற்றினாள்,
காலையிலிருந்து முதல் முறையாக.
"ரெண்டு சரிதான்.
செவ்வாய்க்கிழமையோட எனக்குப் பதினாறு."
அந்தப் பெண் விலைப்பலகையைத் திரும்பிப் பார்த்து
ஆமாம் என்றாள்.
இரண்டு பவுண்டு கூடக் கொடுத்து
என் மகளைப் பெரியவளாக்கிக்கொண்டு
மலை ஏறினேன்.
வழியை மறித்துப் படுத்திருந்த ஆடுகள்
எங்களுக்காக எழவில்லை.

மேலே மாக்சனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்:
ராத்திரி அவசரம் என்றால்
வீரர்கள் எங்கே போவார்கள்?
சுவரில் ஓர் ஓட்டையைக் காட்டினேன்.
வெளியே முந்நூறு அடிச் செங்குத்துப் பாறை.
தலையை நீட்டி வெகுநேரம் யோசித்தான்.
"கீழே யாராவது நின்னிருந்தா?"
பருந்து ஒன்று எங்களுக்குக் கீழே பறந்தது.
அதன் முதுகைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல்முறை.

இத்வால் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான்.
போரில் இந்தப் பக்கம் தோற்ற பிறகு
ஐந்நூறு பேர் கடப்பாரையோடு ஏறி வந்ததை,
இனி ஒருவருக்கும் உதவக் கூடாதென்று
கல் கல்லாகப் பெயர்த்ததை,
இடித்ததற்கும் கணக்கெழுதிக்
கூலி கொடுத்ததை.
நான் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருப்பேன்,
காற்றில் பாதிதான் கேட்கும்.

வக்கீலின் பில் வியாழக்கிழமை வந்தது.
ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே
நிமிடங்கள் எழுதியிருந்தன.

அப்புறம் குகை.
நான் ஒருமுறைகூட இறங்கியதில்லை.
பைகளோடும் தள்ளுவண்டியோடும்
யாராவது மேலே நிற்க வேண்டுமே.
வாடகை டார்ச் ஆளுக்கொன்று.
படிகள், ஈரம், குனிந்தே நடக்க வேண்டிய பாறை,
கடைசியில் கையளவு தண்ணீர்.
இதற்காகவா என்று நினைத்தேன்.

"அணைங்க," என்றாள் டிரியன். "எல்லாரும்."

கண்ணைத் திறந்திருக்கிறேனா என்றே தெரியாத இருட்டு.
எங்கோ சொட்டு விழுந்தது.
மாக்சன் மூக்கை உறிஞ்சினான்.

"அப்பா இங்க வந்தா லைட்டை அணைச்சுடுவார்.
எங்களுக்குப் பயம் தெளியணும்பார்.
பயம் அவருக்குத்தான்.
என் கையை விடவே மாட்டார்.
அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொல்லியிருந்தார்."

பதினெட்டு வருடம்.
டிராக்டருக்கு வழிவிடாத மனிதன்.
என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்,
பிறகு, சொல்லியிருந்தால்
நான் என்ன செய்திருப்பேன் என்று.
பதில் கிடைக்கும் முன் மாக்சன் கேட்டான்:
"இங்கேயும் போயிருப்பாங்களா?"
டிரியன்தான் முதலில் சிரித்தாள்.
குகை அதை எங்கள் எல்லோர் குரலிலும்
திருப்பிச் சொன்னது.

டார்ச்சுகளைத் திருப்பித் தரும்போது
இரண்டுதான் இருந்தன.
மாவுக்கைப் பெண் எண்ணினாள், நானும் எண்ணினேன்.
மூன்றாவது
வாசலருகே ஈர மழைக்கோட்டுக்குள்
நெஞ்சோடு அணைத்தபடி
மஞ்சளாக எரிந்துகொண்டு நின்றது,
தன்னிடம் எதுவும் இல்லை என்று
தலையாட்டிக்கொண்டு.